35 மார்க்கும் 33 பெர்சன்டைலும்

முப்பத்து நாலு வருஷம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து, கடைசி ஏழு வருஷம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. 33, 34 என்று நின்றுவிட்ட தாளை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து புரட்டி, எங்காவது ஒரு மார்க் ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தேடல் தெரியும். நமக்கெல்லாம் பாஸ் மார்க் என்றால் 35. அதற்கு மேலே ஒரு வாழ்க்கை, கீழே ஒரு வாழ்க்கை என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாம்.

போன வருஷம் ஜனவரியில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். பரீட்சையைப் பற்றி இனிமேல் புதிதாகத் தெரிந்துகொள்ள எனக்கு என்ன இருக்கிறது என்ற நினைப்போடு போனவன், அந்த ஆறு மாதத்தில் பல விஷயங்களைத் திருப்பி யோசிக்க வேண்டி வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பேத்திக்கு வயது பத்து. பள்ளிக்கூடம் போவதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது படிக்கும்போது தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழ ஆரம்பித்தாள். டாக்டரிடம் காட்டினார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சனி, ஞாயிறு மட்டும் வலி வராது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் மகள் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஹோம் ஸ்கூலிங் என்கிறார்கள். நாம் வீட்டுக்கல்வி என்று வைத்துக்கொள்வோம்.

அதைக் கேட்டபோது எனக்குச் சம்மதமில்லை. வெளியே சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் பேத்தி பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அது என் கௌரவத்தைப் பற்றிய கவலை, குழந்தையைப் பற்றியது அல்ல. நேரில் போய்ப் பார்த்தபோது குழந்தை சந்தோஷமாக இருந்தாள். வயிற்றுவலி போய்விட்டது. சமையலறையில் அளவுக் கரண்டிகளை வைத்துப் பின்னம் கற்றுக்கொண்டாள். தோட்டத்துப் பறவைகளுக்கெல்லாம் பெயர் சொன்னாள். நான் சொன்ன கதையை மறுநாள் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். பரவாயில்லை, பெண் நன்றாகத்தான் வளர்க்கிறாள் என்று மனம் சமாதானமாயிற்று.

அப்போது அவர்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்தார்கள். அந்த மாநிலத்தில் வீட்டில் வைத்துப் படிப்பிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் தெரிவிக்கவும் வேண்டாம். தேர்வும் கிடையாது. 6 முதல் 16 வயது வரை பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், அல்லது அதற்கு இணையான கல்வியை வேறிடத்தில் பெற வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். இணையானது என்றால் என்ன என்று 1967 இல் மாஸா வழக்கு என்று ஒரு வழக்கு நடந்தது. மகளை வீட்டில் வைத்துப் படிப்பித்த ஒரு தாயார் மீது வழக்கு. பாடத்தில் இணையாக இருந்தால் போதும், பள்ளிக்கூடம் போலக் கூட்டத்தோடு பழகும் சூழல் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்று நீதிபதி தாயார் பக்கம் தீர்ப்புச் சொன்னார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தாயார் காட்டிய சான்றுகளில், மகள் எழுதிய தரப்படுத்தப்பட்ட தேர்வுகளின் முடிவுகளும் இருந்தன. தேர்வு கேட்காத மாநிலத்தில், வழக்கு என்று வந்தபோது தாய்க்குக் கைகொடுத்தவற்றில் தேர்வும் ஒன்று.

பிப்ரவரியில் மாப்பிள்ளைக்கு வேலை மாறியது. வீட்டை மாற்றினார்கள். காரில் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் மாநில எல்லையைத் தாண்டி நியூயார்க் மாநிலத்துக்கு வந்துவிட்டோம். சாமான்களைப் பிரிப்பதற்கு முன்னாலேயே மகள் சட்டத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நியூயார்க்கில் 1988 முதல் இதற்கென்று விரிவான விதிமுறை இருக்கிறது. கல்வியாண்டின் நடுவில் குடிவந்தால், வீட்டில் கற்பிக்கத் தொடங்கிய 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் கல்வி மேற்பார்வையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பாடம், எந்தப் புத்தகம், யார் கற்பிப்பது என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 900 மணி நேரம், அதற்கு மேல் 990 மணி நேரம். வருஷத்தில் நாலு முறை அறிக்கை. வருஷக் கடைசியில் ஒரு மதிப்பீடு. நாலாவது முதல் எட்டாவது வரை, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷமாவது தரப்படுத்தப்பட்ட தேர்வு எழுதியே ஆக வேண்டும். இடைப்பட்ட வருஷங்களில் ஓர் ஆசிரியர் பிள்ளையைப் பார்த்து எழுத்துமூலம் மதிப்பீடு தந்தால் போதும். ஒன்பதாவதிலிருந்து வருஷாவருஷம் தேர்வு.

தரப்படுத்தப்பட்ட தேர்வு என்றால் நம் பப்ளிக் பரீட்சை போன்றது அல்ல. அயோவா தேர்வு, ஸ்டான்ஃபோர்ட் தேர்வு, கலிஃபோர்னியா தேர்வு என்று பல உண்டு. அயோவா தேர்வு 1935 இல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. நாடு முழுவதும் ஒரு பெரிய மாணவர் கூட்டத்துக்கு முதலில் அதே கேள்விகளைக் கொடுத்துப் பார்த்து வைத்திருப்பார்கள். பிறகு எழுதும் பிள்ளையை அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டு, நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் உன் இடம் எது என்று சொல்வார்கள். அதுதான் பெர்சன்டைல்.

நியூயார்க் விதிப்படி மொத்த மதிப்பெண் 33 ஆவது பெர்சன்டைலுக்கு மேலே இருக்க வேண்டும். அல்லது முந்தைய தேர்வோடு பார்க்கும்போது ஒரு வருஷ வளர்ச்சி தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தக் குடும்பம் கண்காணிப்பில் வைக்கப்படும். அதிகபட்சம் இரண்டு வருஷம். குறையைச் சரிசெய்ய ஒரு திட்டம் எழுதிக் கொடுத்து, அதன்படி முன்னேற்றம் காட்ட வேண்டும்.

இதைப் படித்ததும் மகளுக்கு முகம் மாறிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு திருப்தி. "33 தானேம்மா, நம்ம ஊர் பாஸ் மார்க்கைவிட ரெண்டு குறைச்சல். இவளுக்கு என்ன கஷ்டம்?" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "மாமா, அது மார்க் இல்லை" என்று சொல்லி, ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பாஸ் மார்க் 35 என்றால், வகுப்பில் எல்லாரும் நன்றாகப் படித்தால் எல்லாருமே 35 தாண்டலாம். நான் அப்படிப்பட்ட வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். பெர்சன்டைல் அப்படி இல்லை. அது வரிசை. ஒப்பிடப்படும் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்தக் கோட்டிலோ அதற்குக் கீழேயோதான் இருப்பார்கள். அவர்கள் எவ்வளவு படித்திருந்தாலும் சரி, கணக்கு அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

மகள் கேட்டாள். "பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைங்கள்ல மூணுல ஒரு பங்கு அந்தக் கோட்டுக்குக் கீழேதானே இருக்காங்க? அந்தப் பள்ளிக்கூடத்தை யாராவது கண்காணிப்புல வைக்கிறாங்களா அப்பா? அந்த அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, நீங்க லாயக்கில்லைன்னு சொல்றாங்களா?"

நியாயமான கேள்வி. பதில் இல்லை. அடுத்ததாக அவள் கேட்டது இன்னும் கூர்மையாக இருந்தது.

"அஞ்சாவது, எட்டாவதுக்குப் பப்ளிக் எக்ஸாம் வேண்டாம்னு நீங்கதானே ஊர் ஊரா கையெழுத்து வாங்கினீங்க? இப்ப என் பொண்ணுக்கு மட்டும் டெஸ்ட் வேணுமா?"

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2019 இல் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியதும், நம் மாநிலத்திலும் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பத்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்துப் பாஸ், ஃபெயில் என்று முத்திரை குத்துவதா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்களும் கையெழுத்து இயக்கம் நடத்தினோம். 2020 பிப்ரவரியில் அரசே அதை ரத்து செய்தது. அந்தக் கையெழுத்துத் தாள்களை என் மகள் மறக்கவில்லை.

அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. நான் இரண்டு நாக்கு உள்ளவனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விடிகிற நேரத்தில் ஒரு பதில் கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். 1955 இல், ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது பெரியவளானாள். அந்தக் காலத்தில் எங்கள் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அதோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும். எங்கள் அப்பா கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர். நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. "பள்ளிக்கூடம் போகலைன்னா என்ன? நான் வீட்லயே சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார். சொன்னபடி ஆரம்பிக்கவும் செய்தார். விளக்கு வைத்த பிறகு திண்ணையில் உட்காரவைத்துக் கணக்கும் தமிழும் நடந்ததாம். ஆறு மாதம். பிறகு அறுவடை வந்தது. விருந்தாளி வந்தார்கள். அம்மாவுக்குப் பிரசவம். அக்காவின் நோட்டில் பாதிப் பக்கம் எழுதியபடி நின்றுவிட்டது. அந்த நோட்டு ரொம்ப நாள் பரணில் கிடந்தது. நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது எட்டாவது முடிவில் ஈ.எஸ்.எல்.சி. பரீட்சை. அதைப் பாஸ் செய்தவர்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார்கள். அக்காவோடு படித்த ஒரு பெண் அப்படிப் போய் டீச்சரானார். பிற்காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஒன்றியத்திலேயே அவரைப் பார்த்தேன். "உங்க அக்காதாம்ப்பா எங்க வகுப்புல கணக்குல முதல்" என்றார்.

அப்பா வேண்டுமென்று அக்காவைக் கைவிடவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால் அது நழுவியது. ஆறு மாதம் கழித்தோ ஒரு வருஷம் கழித்தோ, எவனோ ஒருவன் வாசலில் வந்து நின்று, "இந்தப் பெண் எதுவரைக்கும் படிச்சிருக்கா, காட்டுங்க" என்று கேட்டிருந்தால், அப்பா அந்த நோட்டை மறுபடி எடுத்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். வரி வசூல் கணக்கைக் கேட்க ஆள் வந்தது, அதனால் அந்த நோட்டு ஒருநாளும் பாதியில் நிற்கவில்லை.

மறுநாள் மகளிடம் இதைத்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை வருஷத்தில் ஐந்தாறு ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் பார்க்கிறான். சத்துணவுக்கூடத்து அம்மா கூடப் பார்க்கிறார். பிள்ளை வாடினால் யாரோ ஒருத்தர் கண்ணில் படும். அதற்கு மேலே பத்து வயதில் ஒரு பப்ளிக் எக்ஸாம் வேண்டாம் என்றுதான் கையெழுத்து வாங்கினேன். வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்ப்பது அம்மாவின் கண் ஒன்றுதான். அது அன்பான கண், அதனாலேயே சில விஷயம் அதற்குத் தெரியாது. நம் கண்ணில் தூசி விழுந்தால் இன்னொருத்தர்தானே ஊதி எடுக்க வேண்டியிருக்கிறது?

மகள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷம் ஆசிரியர் மதிப்பீடு, அடுத்த வருஷம் தேர்வு என்று வைத்துக்கொள்ளலாம், சட்டமே அனுமதிக்கிறது என்றாள். "எப்படியும் எழுதத்தானே போறா, இப்பவே எழுதிடட்டும்" என்று மாப்பிள்ளை முடித்துவைத்தார்.

ஏப்ரல் தொடக்கத்தில், சான்றிதழ் பெற்ற ஓர் ஆசிரியை வீட்டுக்கே வந்தார். மேற்பார்வையாளரின் சம்மதத்தோடு அப்படி வீட்டில் வைத்து எழுதலாம். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு காலைப்பொழுது தேர்வு நடந்தது. என்னை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தேர்வு அறையில் கண்காணிப்பு செய்தவன், என் பேத்தியின் தேர்வுக்கு மாடியில் உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மொத்தம் 41. கோட்டைத் தாண்டிவிட்டாள். மாப்பிள்ளை கைதட்டினார். நானும் கைதட்டினேன். மகள் மட்டும் தாளைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கணக்கு 78. அறிவியல் 60க்கு மேலே. வாசிப்பு 14.

நூறு பேர் வரிசையில் அவளுக்குப் பின்னால் பதினாலு பேர்தான்.

எங்களால் நம்ப முடியவில்லை. கதையை அப்படியே திருப்பிச் சொல்கிற குழந்தை இவள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கதையை நாங்கள் வாசித்தோம், அவள் கேட்டாள். பாடப் புத்தகத்தையும் அம்மாதான் சத்தமாக வாசிப்பாள், அவள் கேட்டுக்கொண்டு பதில் சொல்வாள். தானாக வாசிக்கச் சொன்னால், ஏற்கெனவே கேட்ட பக்கத்தைத்தான் எடுப்பாள். முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே தடுமாறினாள். கண் கலங்கியது. மூன்றாவது படிக்கும்போது காலையில் வந்த வயிற்றுவலி என்னவென்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்லியிருப்பார்கள்.

முப்பத்து நாலு வருஷம் வாத்தியாராக இருந்த நான் மூன்று மாதம் தினமும் அவளோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை. பெற்ற தாய்க்கும் தெரியவில்லை. மூன்றாவது வரை அவள் படித்த பள்ளிக்கும் தெரியவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டு காலைப்பொழுது பென்சிலால் வட்டம் நிரப்பிய ஒரு தாள் காட்டிக்கொடுத்தது.

நியூயார்க்கில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் சிறப்புக் கல்வி உதவி கேட்க வழி இருக்கிறது. அடுத்த கல்வியாண்டுக்கு ஜூன் 1க்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டார்கள். டிஸ்லெக்ஸியா என்று சொல்லப்படும் வாசிப்புச் சிரமம் என்று பரிசோதித்துச் சொன்னார்கள். இப்போது அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவரிடம் வாரம் மூன்று நாள் போகிறாள்.

என் கருத்துக்கு வருகிறேன். இந்த முடிவுத்தாளைப் பார்த்து நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மகளும் ஜெயித்தாள் என்பதுதான் உண்மை. சட்டம் பார்ப்பது மொத்த மதிப்பெண்ணை. 41, அதனால் எல்லாம் சரி. சட்டத்தின் கோடு என் பேத்தியிடம் ஒரு குறையும் காணவில்லை. அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக் கைதட்டிய நானும் காணவில்லை. கோட்டை மறந்துவிட்டு, உள்ளே இருந்த ஒவ்வோர் எண்ணையும் ஒரு தாய் பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. அதே சமயம், இவளைவிட நன்றாகக் கற்பிக்கிற ஒரு தாயின் பிள்ளை, கணக்கிலும் கொஞ்சம் மந்தமாக இருந்தால், மொத்தம் 30க்கு வந்து கண்காணிப்பில் விழும். உதவி தேவைப்படுகிற வீட்டுக்குத் தண்டனைக் கடிதம் போகும். ஆகவே தேர்வு வேண்டும், பெற்றோரின் உரிமையை அந்த ஒரு கோட்டில் தொங்கவிட வேண்டாம் என்பது என் கட்சி.

மற்ற மாநிலங்களில் என்ன செய்கிறார்கள் என்று மாப்பிள்ளை தேடிக் காட்டினார். ஒரே நாட்டில் இவ்வளவு வித்தியாசமா என்று ஆச்சரியமாக இருந்தது. டெக்சஸில் தேர்வே இல்லை. அங்கே 1994 இல் மாநில உச்ச நீதிமன்றம், வீட்டில் முறையாகக் கற்பிப்பதையும் தனியார் பள்ளி என்றே கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஓரிகனில் 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளில் தேர்வு, கோடு 15 ஆவது பெர்சன்டைல். ஜார்ஜியாவில் மூன்றாவதிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எழுத வேண்டும், ஆனால் முடிவை அரசுக்கு அனுப்ப வேண்டாம், வீட்டில் வைத்துக்கொண்டால் போதும். பென்சில்வேனியாவில் 3, 5, 8 ஆம் வகுப்புகளில் தேர்வு. பெற்றோரே அதை நடத்தக் கூடாது. அதோடு வருஷா வருஷம் பிள்ளையின் நோட்டு, வேலைகளையெல்லாம் ஒரு மதிப்பீட்டாளர் பார்த்து, பிள்ளையோடும் பேசி, எழுதித் தர வேண்டும்.

எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி முறைதான். தேர்வுத் தாளும் இருக்கிறது, மனுஷக் கண்ணும் இருக்கிறது. தாள் தனியாக இருந்தால் வெறும் எண். கண் தனியாக இருந்தால் என்னைப் போல ஏமாந்துபோகும்.

தேர்வே வேண்டாம் என்பவர்கள் சொல்வதையும் கேட்டேன். மகளின் தோழிகளில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தேர்வில் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலேதான் இருக்கிறார்கள், பிறகு ஏன் சந்தேகம் என்பது அவர்கள் வாதம். 1999 இல் லாரன்ஸ் ரட்னர் என்ற ஆய்வாளர் 20,760 பிள்ளைகளின் முடிவுகளை வெளியிட்டார். நல்ல மதிப்பெண்கள்தான். ஆனால் அவர்கள் எல்லாம் தாங்களாக முன்வந்து, பணம் கட்டித் தேர்வு எழுதவைத்த குடும்பத்துப் பிள்ளைகள். இதை வைத்து வீட்டுக்கல்விதான் உயர்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது என்று ரட்னரே எச்சரித்திருக்கிறார். முன்வராத வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறது? என் அப்பா முன்வந்திருப்பாரா?

தேர்வு வைத்தால் தேர்வுக்காகவே படிப்பிக்க ஆரம்பித்துவிடுவோம் என்பது இன்னொரு வாதம். இதை நான் மறுக்க மாட்டேன். கைடு, கோனார் நோட்ஸ், புளூ பிரிண்ட் என்று நாம் செய்யாததா? அந்த நோய்க்குக் காரணம், பரீட்சையில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே வைத்துவிட்டதுதான். முடிவால் யாருக்கும் தண்டனை இல்லை என்றால், அதற்காக யாரும் மனப்பாடம் செய்ய மாட்டார்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டருக்காக யாராவது ஒத்திகை பார்க்கிறார்களா?

தேர்வு அளக்காத விஷயங்கள் ஏராளம். என் பேத்தி தமிழ் பேசுவாள், பல்லாங்குழியில் என்னைத் தோற்கடிப்பாள். அதற்கெல்லாம் அந்தத் தாளில் வட்டம் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தெர்மாமீட்டர் காய்ச்சலைச் சொன்னால் போதும்.

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவுதான். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷமாவது ஒரு தேர்வு. செலவு அரசுடையது. முடிவு பெற்றோருக்கும் வெளியாள் ஒரு நல்ல ஆசிரியருக்கும் போக வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். எது குறைந்திருக்கிறதோ அதற்கு உதவி வர வேண்டும். உதவியை மறுத்து, வருஷக்கணக்கில் பிள்ளையை அப்படியே விட்டுவைக்கிற வீட்டில் மட்டும் அரசு கடுமை காட்டட்டும்.

ஜூலையில் ஊருக்குத் திரும்பியதும் அக்காவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டியவள். கண் ஆபரேஷன் முடிந்து கண்ணாடி போட்டிருந்தாள். தேர்வு, 33, 41, 14 என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"புள்ள அழுதாளா?" என்றாள்.

"முதல்ல அழுதா. இப்ப டீச்சர்கிட்ட சந்தோஷமா போறா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள். "கவர்மெண்டுலேர்ந்து ஒரு ஆளு வந்து கேக்குதுன்னா நல்லதுதானே தம்பி. உன் மவ ஏன் கோவப்படுறா? என்னைய யாரும் கேக்கல."

மகளுக்குப் போன் செய்து இதை அப்படியே சொன்னேன். அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேத்தி அத்தைப்பாட்டிக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் நாலு வரி, மூன்று இடத்தில் எழுத்துப்பிழை. யாரும் திருத்தவில்லை. அவளே எழுதி, அவளே வாசித்துப் பார்த்து அனுப்பியது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.